எட்டாவது கல்

தோட்டில் ஏழு கல் இருந்தது. மைதிலி இரண்டாவது தோட்டையும் எண்ணினாள். அதிலும் ஏழு.

அவள் வரைந்து கொடுத்த படத்தில் எட்டு. நடுவில் ஒன்று, சுற்றி ஏழு. பட்டறையிலிருந்து வந்ததில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. எத்தனையோ தமிழ் வீடுகளில் பெண்கள் காதில் கிடக்கும் அதே ஏழு கல் தோடு.

"அழகா இருக்குல்ல?" என்றாள் சபீனா. கவுன்ட்டரில் நகை காட்டி விற்பவள். வாணியம்பாடிக் குடும்பம். தாத்தா காலத்திலேயே ஹைதராபாத் வந்துவிட்டார்கள். "எங்க பக்கத்து வீட்டு மாமி இதேதான் போட்டிருக்கு."

"அதான் பிரச்சினை."

"கைக்கு?" என்றாள் சபீனா. ஹைதராபாத் பேச்சில் 'ஏன்'. "விக்கும்ல?"

மைதிலி தோடுகளைப் பெட்டியில் வைத்து மூடினாள். பட்டறைக்குப் படி இறங்கினாள்.

கடை செகந்திராபாத்தில் இருந்தது. 2010, மே மாதத் தொடக்கம். அட்சய திருதியைக்கு இரண்டு வாரம் இருந்தது. முதலாளி ராகவேந்திரா பெல்லாரிக்காரர். கோயம்புத்தூரில் தொழில் கற்றவர். நல்ல தமிழ் பேசுவார். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அட்சய திருதியை அன்று வரைகிறவர் தன் சொந்த டிசைன் ஒன்றை முன் தட்டில் வைக்கலாம். அன்றே விற்றால் தொடர்ந்து தன் இஷ்டப்படி வரையலாம். விற்காவிட்டால் மறுநாள் காலையில் நகை உருக்குக்குப் போகும். வரைந்தவர் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். பழைய வேலை என்றால் மாங்காய், மயில், தாமரை. மற்ற கடைகளின் படங்களைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றி வரைவது. மைதிலி மூன்று வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். இந்த வருடம்தான் அவளுக்குத் தட்டில் இடம் கிடைத்திருந்தது.

தண்டபாணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். பட்டறைக்குத் தலைவர் அவர்தான். கோயம்புத்தூர்க்காரர்.

"அண்ணா, நான் எட்டு வரைஞ்சிருந்தேன்."

"பாத்தனுங்க அம்மணி."

"ஏழு வந்திருக்கு."

"தோடுன்னா ஏழுதானுங்க. எட்டுக்கல் தோடுன்னு எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? எட்டு சனியோட எண்ணுங்க. திருதியை அன்னிக்கு சனியப் போயிக் காசு குடுத்து வாங்குவாங்களா?"

ஆசாரிகள் சிரித்தார்கள்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க எட்டும்பீங்க. மொதலாளி மறுநா உருக்கச் சொல்லுவாரு. எதுக்குங்க? இது வித்துரும். உங்களுக்கும் நல்லது."

"இது என்னோடது இல்லண்ணா."

தண்டபாணியின் முகம் மாறியது. "என் கையில இருந்து வந்ததுங்க அது. இத்தன வருசத்துல என் கைவேல ஒண்ணு உருக்குக்குப் போனதில்ல. தெரிஞ்சுக்குங்க."

அப்போது ராகவேந்திரா உள்ளே வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"சூப்பரா இருக்கு. தட்டுல இதையே வைங்க. குட், மைதிலி."

"வைங்க சார். கடையோட டிசைனா வைங்க. நான் வரைஞ்சது வேற."

"ஒரு கல்லுதானம்மா கம்மி."

"ஆமா சார், ஒரு கல்லுதான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தண்டபாணியைப் பார்த்தார். தண்டபாணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்துவிட்டார்.

"சரி. இது கடையோடது. உன்னோடது எங்க?"

"வரும் சார்."

"வரலன்னா அடுத்த வருஷம் வரைக்கும் மயில்தான்."

எட்டு அவள் கற்பனை அல்ல. ராமச்சந்திராபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. மைதிலியின் அப்பா திருச்சியிலிருந்து மாற்றலாகி அந்தத் தொழிற்சாலைக்கு வந்தவர். அவள் அங்கேதான் வளர்ந்தாள். தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்தாள். ஏரித் தண்ணீரில் எந்தப் பாசி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஒரு ஆய்வகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் ஜாவா கற்க அமீர்பேட்டை போனார்கள். அவளும் அதே கட்டிடத்தின் படி ஏறினாள். எதிர் அறையில் கம்ப்யூட்டரில் நகை வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்தாள்.

கணவன் வெங்கட் கச்சிபௌலியில் மென்பொருள் எழுதுகிறான். அவன் நண்பர்களிடம் மைதிலி டிசைனர் என்று சொன்னால், "வெப்சைட்டா?" என்று கேட்பார்கள்.

ஆய்வகத்தில் தினமும் கண்ணில் பட்ட ஒரு பாசி உண்டு. பெடியாஸ்ட்ரம் என்று பெயர். பச்சை நிறத்தில் தட்டையான சிறு வட்டு. எட்டு செல்கள் ஒட்டி நிற்கும். நடுவில் ஒன்று, சுற்றி ஏழு. ஓரத்துச் செல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொம்பு. அதை முதன்முதலில் பார்த்தபோதே இது காதில் இருக்க வேண்டியது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அப்போது யாரிடமும் சொல்லவில்லை. தோட்டுப் படத்தின் ஓரத்தில்தான் முதன்முறையாக 'ராமச்சந்திராபுரம் குளத்துப் பாசி' என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மைதிலி தன் படத்தை எடுக்கப் பட்டறைக்குப் போனாள். ஆட்கள் இல்லை. தண்டபாணியின் மேஜையடியில் ஒரு தகர டப்பா இருந்தது. மீண்டும் உருக்குவதற்காகப் போட்டு வைத்த மெழுகு. நகையை முதலில் மெழுகில் செய்து பார்த்துவிட்டுத்தான் தங்கத்துக்குப் போவார்கள். டப்பாவில் வட்டமாக ஏதோ தெரிந்தது. எடுத்தாள்.

எட்டு குழி.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் எட்டு. நடுக்குழி பெரிதாக இருந்தது. மற்றொன்றில் வெளிவட்டம் பிளந்திருந்தது. டப்பாவின் அடி வரைக்கும் எட்டு எட்டாகவே கிடந்தன.

தண்டபாணி ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்."

அவர் உட்கார்ந்தார்.

"நிக்கலீங்க" என்றார்.

இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். எல்லாம் ஒரே அளவுக் கற்கள். இடுக்கியால் ஒன்றை எடுத்து மெழுகுத் தகட்டில் வைத்தார். அதைச் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்கினார். ஆறு வைத்ததும் வட்டம் மூடிக்கொண்டது.

"ஏழாவதுக்கு எடம் எங்கீங்க? காட்டுங்க."

மைதிலி பார்த்துக்கொண்டே இருந்தாள். இடம் இல்லை.

"என் படத்துல நிக்குதே."

"நிக்குதுங்க. எப்புடி நிக்குதுன்னு பெருசு பண்ணிப் பாத்தேன். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்குது. ஒவ்வொண்ணும் கொஞ்சந்தான். உங்க கம்ப்யூட்டரு ஒண்ணுஞ் சொல்லல போல."

அவளுக்கு முகம் சுட்டது. அதைச் சரிபார்ப்பது வகுப்பின் முதல் வாரத்துப் பாடம்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல அண்ணா?"

"பசங்க முன்னால எப்புடிங்க சொல்றது? மொதலாளி காதுக்குப் போனா உங்கள மறுபடி மயிலுக்கு அனுப்பிருவாரு. அதுவுமில்லாம, என்னாலயும் நிக்க வெக்க முடியல. அதான் பழியத் தூக்கிச் சனி மேல போட்டனுங்க. அவருக்கு இதெல்லாம் பழக்கம்."

மைதிலி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"நடுக்கல்லப் பெருசா வெச்சா நிக்கும்" என்றார்.

"வேண்டாண்ணா. எட்டும் சமம். நடுவுல இருக்கறதுக்குன்னு தனி மரியாதை கிடையாது."

"அப்பறம் உங்க கொளத்துல மட்டும் எப்புடிங்க நிக்குது?"



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாம் பாட்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். கரையோரத்தில் பச்சையாக இருந்த இடத்தில் மொண்டாள். கோட்டியில் பழைய சாமான் கடையில் வாங்கிய மைக்ராஸ்கோப் சாப்பாட்டு மேஜையில் இருந்தது.

"டிபன் எங்க வைக்கறது?" என்றான் வெங்கட்.

"கையில வச்சுக்கோ."

மூன்றாவது சொட்டில் கிடைத்தது. எட்டு செல். அவள் எண்ணுவதை விட்டுவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் பார்த்தாள்.

அது வட்டம் இல்லை. ஏழு பக்கம் இருந்தது. பக்கத்துக்கு ஒரு செல் ஒட்டி நின்றது. சுற்றி நின்ற ஏழும் உள்பக்கம் தட்டையாக இருந்தன. எதுவும் எதன் மேலும் ஏறவில்லை. ஒன்றுக்கு ஒன்று இடம் கொடுத்திருந்தன.

இது அவளுக்குத் தெரியாததல்ல. தேர்வில் இதை வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கடையில் கல் வட்டமாக இருந்தது. அதனால் வட்டமாக வரைந்துவிட்டாள்.

வெங்கட் தட்டோடு வந்து நின்றான். "என்னாச்சு?"

"மூலை இருக்கு" என்றாள். "ஏழு மூலை."

திங்கட்கிழமை புதுப் படத்தைத் தண்டபாணி முன்னால் விரித்தாள்.

"கல்லு ரவுண்டாவே இருக்கட்டும் அண்ணா. எட்டும் ஒரே அளவு. கல்லு உக்கார்ற தங்கக் கிண்ணம் மட்டும் ரவுண்டு வேண்டாம். நடுக்கிண்ணம் கொஞ்சம் அகலம், ஏழு பக்கம். சுத்தி இருக்கற ஏழுக்கும் உள்பக்கம் தட்டை. இந்தத் தடவ ஒண்ணும் ஏறல. செக் பண்ணிட்டேன்."

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொம்புகளைத் தொட்டுக் காட்டினார்.

"இது துப்பட்டாவுல மாட்டுமுங்க."

"மழுக்கிடலாம்."

"ஆறு மூல சுலுவு. எட்டு மூல அதவிடச் சுலுவு. ஏழு யாரும் அறுக்கறதில்லீங்க. சமமா வராது."

"முடியாதா?"

தண்டபாணி கண்ணாடியைக் கழற்றினார்.

"முடியாதுன்னு நான் சொன்னனுங்களா?"

அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மைதிலி அச்சடித்துக் கொடுத்த படத்தைத் தகட்டில் ஒட்டிக்கொண்டு தானே அரத்தை எடுத்தார். முதல் கிண்ணத்தில் ஒரு பக்கம் சற்று நீண்டுவிட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. துண்டுகளோடு சேர்த்துப் போட்டுவிட்டார். டீ நேரத்தில் மைதிலி இறங்கிப் போனால், "போயி மயிலு வரைங்க போங்க" என்று துரத்தினார்.

திருதியைக்கு மூன்று நாள் முன்பு அவரே படி ஏறி வந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்ததை அவள் மேஜையில் வைத்தார்.

எட்டு இருந்தது. எட்டுக் கல்லும் ஒரே அளவு. நடுக்கிண்ணத்தின் ஏழு பக்கமும் சுற்றி நின்ற ஏழின் தட்டைகளோடு படிந்திருந்தன. விளிம்பில் கொம்புகள் அரிசி நுனி போல மழுங்கி இருந்தன. அவள் திருப்பினாள். பின்பக்கத்தையும் முன்பக்கம் போலவே முடித்திருந்தார். அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

"அளந்து பாத்துக்குங்க" என்றார்.

மைதிலி அளக்கவில்லை. "நல்லா இருக்குண்ணா" என்றாள்.

"இருக்காம?" என்றார் தண்டபாணி.

திருதியை அன்று காலையிலேயே கூட்டம் தெருவரை நின்றது. வாசலில் மோர் கொடுத்தார்கள். முன் தட்டில் இரண்டு ஜோடித் தோடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கடை திறந்து சற்று நேரத்திலேயே ஏழு கல் விற்றுப்போனது. ராகவேந்திரா மைதிலி பக்கம் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

எட்டைப் பலர் எடுத்தார்கள். விரலால் தொட்டு எண்ணினார்கள். வைத்துவிட்டார்கள். "ஒண்ணு கூட இருக்கே" என்றாள் ஒருத்தி. கூட வந்தவள், "எட்டு வேண்டாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என்ன டிசைன் என்று கேட்டவர்களுக்குச் சபீனா பூ என்றாள். முதலாளி அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

"பாசின்னு சொன்னா ஓடிருவாங்க மைதிலி. நக்கோ, வேண்டாம்."

மத்தியானம் கூட்டம் குறைந்தது. லோத்குண்டாவிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். வள்ளியம்மாள், அஸ்வினி. வள்ளியம்மாளின் கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம். பாதி வாழ்க்கை இங்கேயே போய்விட்டது. ஆனாலும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. மகளுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது.

வள்ளியம்மாள் வளையல் பார்த்துக்கொண்டிருந்தபோது அஸ்வினி முன் தட்டிலிருந்து எட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

வள்ளியம்மாள் வந்து மகளின் காதைப் பிடித்தாள். எண்ணினாள்.

"எட்டு கீதே."

"ஹவ்" என்று தலையாட்டினாள் அஸ்வினி.

"எட்டு ஆவாதுடி. ஏம்மா, ஒண்ண எட்த்துட்டு ஏழாக்கித் தர்றீங்களா?"

மைதிலி வாய் திறப்பதற்குள் ராகவேந்திரா வந்துவிட்டார். "தாராளமா. அரை மணி நேரம் உக்காருங்க, மோர் சாப்பிடுங்க." தண்டபாணிக்கு ஆள் அனுப்பினார்.

தண்டபாணி மேலே வந்தார். அஸ்வினியின் முகத்தைப் பார்க்கவில்லை. காதை மட்டும் பார்த்தார்.

"ஒரு கல்ல எடுக்கணுமாம்" என்றார் ராகவேந்திரா.

"ஆகாதுங்க மொதலாளி."

"என்ன ஆகாது?"

"எடுத்தா ஓட்ட விழுகுமுங்க. இது ஏழு கல்லும் மேல ஒரு கல்லும் இல்ல. எட்டும் சேந்து ஒண்ணு. ஒண்ணு போனா மத்ததுக்குப் பிடிமானம் இல்ல."

ராகவேந்திரா அவரை உற்றுப் பார்த்தார். தண்டபாணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பிடி இன்னா பூவு இது?" என்றாள் வள்ளியம்மாள்.

சபீனா மைதிலியைப் பார்த்தாள். ராகவேந்திராவும் பார்த்தார். ஒரு சொல் போதும்.

"பூ இல்லம்மா" என்றாள் மைதிலி. "குளத்துப் பாசி."

வள்ளியம்மாள் மகளின் காதிலிருந்து கையை எடுத்தாள். "பாசியா?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா. மைக்ராஸ்கோப்ல பாத்தா இப்படி இருக்கும். எட்டும் எட்டு உயிர். பொறந்ததும் கொஞ்ச நேரம் தனித்தனியா நீந்தும். அப்புறம் பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும். நின்னா பிரியாது. ஏழா நான் பாத்ததில்ல."

"ஜிந்தா ஹை?" என்றாள் அஸ்வினி கண்ணாடியைப் பார்த்தபடி.

"உயிரோடதான் இருக்கு. ராமச்சந்திராபுரத்துல."

"மேரா ஆபீஸ் பஸ் உதரீச் ஸே ஜாதா மம்மி." அவள் பஸ் தினமும் அந்தப் பக்கமாகத்தான் போகிறதாம். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. தோட்டைக் கழற்றக் கை உயரவில்லை.

"கெட்டுது போ. குளத்துப் பாசிய காதுல மாட்டிக்கினு ஆபீசுக்குப் போவாளாம்" என்றாள் வள்ளியம்மாள். தண்டபாணி பக்கம் திரும்பினாள். "நீதான் செஞ்சியாப்பா?"

"நானுங்க. வரைஞ்சது அம்மணி."

"திருகு கழண்டுக்குமா?"

"கழண்டா எங்கிட்ட வந்து கேளுங்க."

வள்ளியம்மாள் இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு கிட்டே வந்து பார்த்தாள். மைதிலியைக் கேட்டாள்.

"ஏம்மா, தூர இருந்து பாத்தா எட்டுன்னு தெரியாதில்ல? யாரும் எண்ண மாட்டாங்க இல்ல?"

சபீனா மெல்லத் தலையசைத்தாள். இல்லை என்று சொல் என்று அர்த்தம்.

"எண்ணுவாங்கம்மா" என்றாள் மைதிலி. "எண்ணாம இருக்க முடியாது."

வள்ளியம்மாள் அவளையே பார்த்தாள். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"எண்ணிக்கினு போவட்டும்" என்றாள். "பில்லு போடு."

அஸ்வினி தோட்டோடுதான் வெளியே போனாள். பெட்டியை அம்மா கையில் வைத்திருந்தாள்.

சபீனா மைதிலியின் தோளில் குத்தினாள். "இனிமே உன்னக் கவுன்ட்டர் பக்கம் விடக் கூடாது. ஹார்ட் அட்டாக் வந்திருக்கும் எனக்கு."

சாயங்காலம் தட்டுகளை உள்ளே எடுத்து வைக்கும்போது ராகவேந்திரா வந்தார். தண்டபாணி பட்டறைப் படியின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ஏழு கல்லுத் தோடு இன்னும் நாலு ஜோடி கேட்டிருக்காங்க. நாளைக்கு ஆரம்பிச்சிடுங்க."

"அத எந்தப் பட்டறையிலயும் பண்ணிருவாங்க மொதலாளி. பசங்ககிட்டச் சொல்லிடறேன்."

"நீங்க?"

"எனக்கு வேல இருக்குதுங்க."

தண்டபாணி மைதிலி பக்கம் திரும்பினார்.

"அம்மணி, அந்தக் கொளத்துல வேற என்னவெல்லாம் இருக்குதுங்க?"

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க ராகவேந்திராவும் நின்றார்.